போகிக்கு முன்னால் ஒரு ஞாயிறு: பழைய மருந்தும் பழைய தாளும்

வீட்டைக் கழுவித் துடைக்கும் மார்கழி மாதம் இது. அலமாரியைத் திறந்தால் எல்லா வீட்டிலும் இரண்டு பைகள் வெளியே வரும். ஒன்றில் பாதி தின்ற மாத்திரை அட்டைகள், இன்னொன்றில் பழைய பாஸ்புக், ஆதார் நகல், சம்பளச் சீட்டு. எங்கே போடுவது என்று தெரியாமல் திரும்ப உள்ளேயே வைத்துவிடுவோம். இந்த இரண்டையும் குடியிருப்பாகச் சேர்ந்து ஒரே நாளில் ஒழிப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். மருந்துப் பகுதியைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவரும், ஆவணப் பகுதியை வங்கிப் பணியில் நெடுநாள் இருந்த ஒருவரும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 120 வீடுகள். போகிக்கு முன் ஒரு ஞாயிறு காலையில் எல்லோரிடமும் காலாவதி மருந்தையும் பழைய தாள்களையும் சேகரிக்க நினைக்கிறோம். பெட்டி வாங்கியாயிற்று. வேறு என்ன வேண்டும்?
*– நலச்சங்கச் செயலாளர், குரோம்பேட்டை*

பெட்டி கடைசியாக வாங்க வேண்டிய பொருள். சேகரித்தது எங்கே போய்ச் சேரும், எந்த வண்டியில், அன்றே போகுமா என்ற மூன்றும் முடிவான பிறகுதான் தேதியை அறிவிக்க வேண்டும். இத்தகைய முகாம்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆர்வமாகச் சேகரித்த நாலு மூட்டை மருந்து சங்க அறையில் மாதக்கணக்கில் கிடக்கும். ஒருநாள் யாரோ அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தனித்தனியாக 120 வீட்டில் இருந்த ஆபத்தை ஒரே அறையில் குவித்ததுதான் மிச்சம்.

மருந்துக்கு முதலில் போக வேண்டிய இடம் உங்கள் வார்டு அலுவலகம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே காலாவதி மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பயன்படுத்திய ஊசி எல்லாம் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று தனியாகச் சொல்லப்பட்டுவிட்டன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வீதம் அமைத்து, வாங்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு என்றும் அந்த விதிகள் கூறின. 2026 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஈரம், உலர், சுகாதாரக் கழிவு ஆகிய மூன்றுக்கு அப்பால் தனிக்கவனத்துக்குரிய கழிவு என்று நான்காவது வகை இருக்கிறது. மருந்து அதில்தான் வரும். ஆகவே நீங்கள் சலுகை கேட்கப் போகவில்லை. “எங்கள் பகுதிக்கான மையம் எது, எந்த நாளில் எவ்வளவு எடை வரை வாங்குவீர்கள், வண்டி அனுப்புவீர்களா” என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக “கொண்டு வாங்க சார், பாத்துக்கலாம்” என்றால் நாள் குறிக்காதீர்கள்.

மருத்துவமனைக் கழிவை எடுக்கும் தனியார் நிறுவனம் முன்வந்தால் நல்லதுதான். அவர்களிடம் உயர்வெப்ப எரியுலை இருக்கும். குடியிருப்பிலிருந்து எடுக்க அவர்களுக்கு அனுமதி உண்டா என்பதை மட்டும் உள்ளாட்சி மூலமாக உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்களாகக் கடையில் மஞ்சள் பை வாங்கிக் கட்டி வைக்க வேண்டாம். பார்கோடு ஒட்டிய மஞ்சள் பை மருத்துவமனைக் கழிவுக்கு உரியது, பார்கோடு இல்லாத மஞ்சள் பையைக் கண்டால் வண்டிக்காரர் எடுக்க மறுப்பார்.

இடம் முடிவானதும் மற்றவை சுலபம். மாத்திரை அட்டைகளுக்கு மூடி போட்ட 60 லிட்டர் டிரம் இரண்டு. மூடியில் கை நுழையாத அளவுக்கு நீளவாக்கில் ஒரு துளை, பூட்டு, இரண்டு சாவி. இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. மருந்துப் பாட்டில்களுக்கு நிமிர்த்தி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் மூன்று. அடியில் மரத்தூளோ தென்னை நார்க்கழிவோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால், ஒழுகும் பாட்டில் மேசையை நனைக்காது. ஊசிகளுக்கு கெட்டியான திருகு மூடி டப்பா. ஒரு தராசு, கையுறை, நோட்டு.

மருந்து மேசையும் தாள் மேசையும் குறைந்தது 20 அடி தள்ளி இருக்கட்டும், ஆட்களும் வேறு வேறாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே மேசையில் வாங்கினால் பாட்டில் ஒழுகித் தாள் நனையும், தாள்மூட்டைக்குள் மாத்திரை அட்டை புகுந்துவிடும். அது வெட்டும் இயந்திரத்துக்கும் ஆகாது, காகித ஆலைக்கும் ஆகாது. காலை 9 மணிக்குத் தொடங்கினால் 12 மணிக்கு முடித்து, எடை போட்டு, இரண்டு பேர் கையெழுத்திட்டு, வண்டி கிளம்பிவிட வேண்டும். நோட்டில் எடையும் நேரமும் போதும். யார் என்ன மருந்து கொண்டு வந்தார் என்று எழுதாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் எந்த நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார் என்பது சங்கத்துக்குத் தேவையில்லாத செய்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று எடுக்கிற படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் உற்றுப் பாருங்கள். மேலே கிடக்கும் தாளில் ஒருவருடைய கணக்கு எண் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: மாத்திரைதானே, கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் போகாதா?
*– வாசகி, திருச்சி*

போகும். எங்கே போகும் என்பதுதான் கவலை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மலத்தையும் உணவுக் கழிவையும் நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கக் கட்டப்பட்டவை. பல மருந்து மூலக்கூறுகள் அதில் முழுதாகச் சிதையாமல் ஆற்றுக்கும் நிலத்தடிக்கும் போகின்றன. ஆன்டிபயாட்டிக் என்றால் வேறொரு கேடும் சேரும். கொல்லாத அளவு மருந்தில் ஊறி வளரும் கிருமிகள் அந்த மருந்துக்கே மசியாதவையாக மாறும்.

மருந்து கொஞ்சம் இடம் மாறினாலும் என்ன ஆகும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளே சாட்சி. மனிதருக்கு வலி போக்கும் டைக்ளோஃபெனாக் மாடுகளுக்கும் போடப்பட்டது. அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. இந்தியா முழுக்க வெண்முதுகுக் கழுகுகள் 100-க்கு 99 என்ற கணக்கில் அழிந்த பிறகே 2006-இல் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் எஞ்சியவற்றில் பெரும்பகுதி இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதே மாத்திரை நம் ஒவ்வொரு வீட்டு டப்பாவிலும் இருக்கிறது.

கழிவறையில் விடலாம் என்று அதிகாரபூர்வமாகவே சொல்லப்படும் ஒரு சிறு பட்டியல் உண்டு. அடுத்த கடிதத்தில் அதைப் பார்ப்போம்.

கேள்வி: புற்றுநோயால் என் தந்தை வீட்டிலேயே காலமானார். மார்ஃபின் மாத்திரைகள், தோலில் ஒட்டும் வலிமருந்துப் பட்டைகள், கீமோ மாத்திரை ஒரு அட்டை மிச்சம் இருக்கின்றன. குடியிருப்பு முகாமில் கொடுக்கலாமா?
*– வாசகர், மதுரை*

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். முகாமில் கொடுக்க வேண்டாம். மூன்றையும் முதலில் சிகிச்சை தந்த மருத்துவமனையின் வலிநீக்குச் சிகிச்சைப் பிரிவிடம் திருப்பித் தர முயலுங்கள். மார்ஃபின் போதைமருந்துச் சட்டத்தின் கீழ் கணக்கு வைக்கப்படும் மருந்து. அதை வாங்கிவைக்கும் உரிமை குடியிருப்புச் சங்கத்துக்கு இல்லை.

திருப்பித் தர வழியே இல்லையென்றால், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கைகொடுக்கும். தவறுதலாக ஒரே ஒரு வேளை உட்கொண்டாலும் பிறர் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய 17 மருந்துகளை அது பட்டியலிடுகிறது. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால், டயஸிபாம், மெதடோன், பியூப்ரினார்ஃபின் ஆகியவை அதில் உண்டு. இவற்றை மட்டும் உடனே கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடலாம். ஆற்றுக்குக் கேடில்லை என்பதால் தந்த அனுமதி அல்ல இது. வீட்டிலிருக்கும் குழந்தை அதை எடுத்து வாயில் போடும் ஆபத்து அதைவிடப் பெரிது என்பதால் தந்தது.

தோல்பட்டை ஃபென்டனில் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மூன்று நாள் ஒட்டியிருந்து எடுத்த பட்டையிலும் கணிசமான மருந்து மிச்சமிருக்கும். பசைப் பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, அழுத்தி ஒட்டி, பிறகே கழிவறையில் விடுங்கள், கையைக் கழுவுங்கள். குப்பைக்கூடையில் போட்ட பட்டையைக் குழந்தை எடுத்து ஒட்டிக்கொண்டு இறந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன.

கீமோ மாத்திரை இந்தப் பட்டியலில் இல்லை. அதை எந்தக் காரணத்துக்காகவும் கழிவறையில் விடக் கூடாது, நசுக்கக் கூடாது, வெறும் கையால் தொடக் கூடாது. உயிரணுவை அழிக்கும் அந்த வகை மருந்துகளை 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்க வேண்டும் என்பது மருத்துவக் கழிவு விதி. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட்டும் இதே வகைதான். புற்றுநோய் இல்லாத வீடுகளிலும் அது இருக்கும் என்பதால் முகாம் நடத்துவோர் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய பெயர் அது.

கேள்வி: முகாமுக்குக் கொண்டு வரும் முன் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் கொட்டித் தர வேண்டுமா? எதையெல்லாம் வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும்?
*– தன்னார்வலர், கோவை*

பிரிக்கவே வேண்டாம். அட்டைக்குள் இருக்கும்வரை பெயர் தெரியும், தூள் பறக்காது, ஈரம் படாது. வெளி அட்டைப்பெட்டியையும் உள்ளே மடித்து வைத்த விளக்கத் தாளையும் வீட்டிலேயே எடுத்து உலர் குப்பையில் போட்டுவிட்டால் டிரம் பாதி அளவு குறையும். மருந்துச்சீட்டு ஒட்டியிருந்தால் நோயாளியின் பெயரைப் பேனாவால் நன்றாக அடித்துவிடச் சொல்லுங்கள்.

சிரப்பை ஒரே பாத்திரத்தில் ஊற்றிச் சேர்ப்பது பெரிய தவறு. எதனோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலோடு வாங்குங்கள். களிம்பு டியூப், சொட்டு மருந்து, லேகியம், சூரணம், தைலம் எல்லாம் வாங்கலாம். நாட்டு மருந்து என்பதால் மண்ணில் கொட்டினால் தீங்கில்லை என்று நினைக்க வேண்டாம், பாதரசம், ஈயம் கலந்த செந்தூர வகைகளும் உண்டு.

இன்சுலின் ஊசி, சர்க்கரை பார்க்கும் லான்செட் ஆகியவற்றை மாத்திரை டிரம்மில் போட்டால் பையைத் தூக்குகிறவர் விரலில் குத்தும். தனி டப்பாவில், முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். ஊசியை மீண்டும் மூடியில் செருக முயல்வதுதான் பலருக்குக் குத்துகிற நேரம். மூடாமல் அப்படியே டப்பாவில் விடுங்கள். ஆஸ்துமா இன்ஹேலரின் உலோகக் குப்பி அழுத்தத்தில் அடைத்தது. தீயில் வெடிக்கும், ஆகவே தனிப் பையில் ‘அழுத்தக் குப்பி’ என்று எழுதி வையுங்கள். பாதரசத் தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றி ஒரு மூடிய டப்பாவில் வாங்குங்கள். உடைந்த நிலையில் கொண்டு வந்தால் மேசைக்கே எடுத்து வர விடாதீர்கள்.

பேட்டரி, டியூப் லைட், பெயின்ட் டப்பா எல்லாம் கண்டிப்பாக வரும். ஏற்பாடு இல்லையென்றால் பணிவாகத் திருப்பி அனுப்புங்கள். அன்றைய தினம் தலைவலி தருவது வேறொன்று: “இந்த பிரஷர் மாத்திரை இன்னும் ஆறு மாசம் இருக்கே, நான் எடுத்துக்கட்டுமா” என்ற கேள்வி. கூடாது. உள்ளே போனது வெளியே வரக் கூடாது என்பதற்காகத்தான் கை நுழையாத துளை. வெயிலில் காரில் கிடந்த மாத்திரையா, குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டியதை மேசையில் வைத்ததா என்பதெல்லாம் அட்டையைப் பார்த்துத் தெரியாது.

எது காலாவதி என்பதிலும் குழப்பம் வரும். 03/2027 என்று அச்சிட்டிருந்தால் அந்த மார்ச் மாதக் கடைசி நாள் வரை செல்லும். ஆனால் திறந்த பிறகு கணக்கு வேறு. கண் சொட்டு மருந்து திறந்து ஒரு மாதம், நீர் கலந்த குழந்தைகள் ஆன்டிபயாட்டிக் சிரப் பெரும்பாலும் 7 நாள், பயன்பாட்டிலிருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 28 நாள். அதன்பின் அச்சிட்ட தேதி இருந்தாலும் கழிவுதான். மாத்திரையை அட்டையில் வெட்டும்போது தேதி இருக்கும் ஓரத்தைக் கடைசிவரை விட்டு வெட்டும் பழக்கம் வந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கேள்வி: மருந்துக் கடையிலேயே திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்களா?
*– வாசகர், நாகர்கோவில்*

கடைக்காரர் தன் அலமாரியில் தேங்கிய சரக்கை மொத்த விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்ப வழி உண்டு. அதற்கு ரசீதும் தொகுதி எண்ணும் இருக்கும். நீங்கள் திறந்து பாதி தின்ற அட்டைக்கு அந்த வழி கிடையாது. வாங்கி வைத்தால் அதை அழிக்கும் செலவு அவர் தலையில் விழும்.

உங்கள் பக்கத்து மாநிலத்திலேயே வேறு முறை நடக்கிறது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025-இல் ‘என்-ப்ரவுட்’ என்ற பெயரில், கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் முதலில் தொடங்கிய திட்டம் அது. வீடுகளிலிருந்தும் சேகரிப்புப் பெட்டிகளிலிருந்தும் வாங்கி, எர்ணாகுளத்தில் உள்ள எரியுலைக்கு அனுப்புகிறார்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மருந்து வணிகர் சங்கமும் சேர்ந்து இப்படிச் செய்யலாம் என்று மத்திய வழிகாட்டுதலும் சொல்கிறது. உங்கள் மாவட்ட மருந்து வணிகர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பத்துக் குடியிருப்புகள் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மையம் எதுவும் இல்லை. வீட்டளவில் என்ன செய்வது?
*– வாசகி, கோவில்பட்டி அருகே*

மாத்திரைகளை அட்டையிலிருந்து எடுத்து, நசுக்காமல், பயன்படுத்திய தேயிலைத்தூள் அல்லது காபிச் சக்கை, ஈர மண், சாம்பல் ஏதாவது ஒன்றோடு கலந்துவிடுங்கள். மாத்திரையைப் போல இரண்டு பங்காவது இருக்கட்டும். பார்த்தால் எடுக்கத் தோன்றாத சேறாக இருக்க வேண்டும். கசியாத பையில் கட்டி, மூடி உள்ள டப்பாவில் போட்டு, ‘காலாவதி மருந்து’ என்று எழுதித் தூய்மைக் காவலரிடம் நேரில் சொல்லிக் கொடுங்கள். சமையல் கழிவோடு சேர்ந்து உரக்குழிக்குப் போய்விடாமல் இருக்கத்தான் இந்த எழுத்து. கிணற்றடியிலோ தோட்டத்திலோ புதைக்க வேண்டாம். அடுப்பில் போடவே கூடாது. மாத்திரை அட்டை பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக்கும் அலுமினியத் தகடும். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் கிளம்பும், அடுப்பு முன் நிற்பவர்தான் முதலில் சுவாசிப்பார்.

போகிக்கும் இதே பதில்தான். 2018 போகியன்று எழுந்த புகையில் சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களே வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. தாளையும் மருந்தையும் தீக்குப் பதிலாக மேசைக்குக் கொண்டு வரச் செய்வதற்கு போகிக்கு முந்திய ஞாயிறை விடப் பொருத்தமான நாள் இல்லை.

கேள்வி: பழைய தாள்களில் எதை அழிக்கலாம், எதை வைத்திருக்க வேண்டும்? ஒருமுறை அவசரப்பட்டு நிலப் பத்திரத்தின் நகலையே போட்டுவிட்டோம்.
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

நகல் என்றால் தப்பித்தீர்கள். மூலப்பத்திரம் போனால் காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், ‘கண்டறிய இயலவில்லை’ என்ற சான்று என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதனால் முகாம் அறிவிப்பிலேயே ‘இவற்றைக் கொண்டு வராதீர்கள்’ என்ற பட்டியல் முதலில் வர வேண்டும்: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, வரைபட அனுமதி, பிறப்பு இறப்புச் சான்று, கல்விச் சான்று, உயில், ஓய்வூதியக் கொடுப்பாணை, கடன் முடிந்ததற்கு வங்கி தந்த கடிதம். விசா உள்ள பழைய பாஸ்போர்ட்டும் இதில் சேரும்.

குறிப்பிட்ட காலம் வைத்திருந்து பிறகு அழிக்க வேண்டியவை இன்னொரு கூட்டம். வருமான வரித் தாள்களை 8 ஆண்டு வைத்திருந்தால் நிம்மதி. வீடு, மனை, பங்கு வாங்கிய ரசீதுகளை விற்று வரி கட்டி முடிக்கும்வரை தொடாதீர்கள், லாபக் கணக்குக்கு வாங்கிய விலைதான் ஆதாரம். மருத்துவக் காப்பீட்டில் பலர் தவறு செய்கிறார்கள். புதுப்பித்ததும் பழைய பாலிசியைக் கிழித்துவிடுவார்கள். இடைவிடாமல் 60 மாதம் பாலிசி ஓடினால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முடியாது. அந்தத் தொடர்ச்சியைக் காட்டும் தாள்கள் அவை. ஐந்தாண்டுத் தாள்களையாவது வைத்திருங்கள்.

தாராளமாக அழிக்கலாம் என்பவை: மின்கட்டண, தொலைபேசி ரசீதுகள் (தகராறு இல்லாதவை), பழைய வங்கி அறிக்கைகள், ஆதார், பான் நகல்கள், சம்பளச் சீட்டு நகல், நிராகரித்த கடன் விண்ணப்பம், கூரியர் உறை மேல் உள்ள முகவரிச் சீட்டு.

புரோநோட்டைப் பொதுப் பெட்டியில் போடாதீர்கள். கடன் தீர்ந்ததும் அசலைக் கையில் வாங்கி, ‘முழுதும் தீர்ந்தது’ என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் போட்டு மற்றதை நிரப்பாமல் கொடுத்த காசோலை, வெற்று முத்திரைத்தாள் திரும்பி வந்தால், கையெழுத்துப் பகுதியை நீங்களே துண்டு துண்டாக வெட்டுங்கள். மூடிய கணக்கின் காசோலைகளில் கீழே உள்ள எண் வரிசையையும் வெட்டிவிட வேண்டும். ஏடிஎம் அட்டையை சிப்பின் நடுவிலும் காந்தப்பட்டையின் குறுக்கிலும் வெட்டி, துண்டுகளை வேறு வேறு நாளில் போடுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வாங்கும் தாள் வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. முகாமுக்கு அது போதாதா?
*– நலச்சங்க உறுப்பினர், அண்ணா நகர்*

கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒன்று 4.7 கிராம், கிலோவுக்கு ஏறத்தாழ 213 தாள். நூற்றிருபது வீடு, வீட்டுக்கு 3 கிலோ என்றால் 360 கிலோ, 77,000 தாள். ஒரு தடவைக்கு 8 தாள், 10 விநாடி என்று வைத்தால் ஓயாமல் 26 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். சிறிய இயந்திரங்கள் ஓயாமல் ஓடாது. சில நிமிடம் ஓடினால் மோட்டார் சூடேறி நின்று, அரை மணி ஆற வேண்டும். ஒரு வாரம் இரவு பகலாக நின்றாலும் முடியாது.

இரண்டு வழி உண்டு. பெரிய இயந்திரம் வைத்திருக்கும் ஆவண அழிப்பு நிறுவனத்தை அழைக்கலாம். வாசலுக்கே வண்டி கொண்டு வந்து கண்முன் வெட்டுகிறவர்களும் உண்டு, மூட்டையை எடுத்துப் போகிறவர்களும் உண்டு. துண்டின் அளவு என்ன, அன்றே வெட்டுவார்களா, எண் போட்ட முத்திரையுடன் மூட்டை கட்டுவார்களா, எடை குறித்த அழிப்புச் சான்று தருவார்களா என்று கேளுங்கள். எவ்வளவு பொடியாக வெட்டுகிறது என்பதைக் குறிக்கும் நிலைகளில் பி-4 வீட்டு ஆவணங்களுக்குப் போதும். ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இராது, ஏ4 தாள் 390 துண்டாகும். நீள நாடாவாக மட்டும் வெட்டும் இயந்திரம் 6 மில்லிமீட்டரில் 35 நாடாதான் தரும், பொறுமை உள்ளவர் ஒட்டிப் படித்துவிடலாம். அதிலும் குறுக்குவாட்டில் அச்சான வங்கி அறிக்கையை நிமிர்த்திச் செலுத்தினால் ஒவ்வொரு வரியும் ஒரு நாடாவில் முழுசாக நிற்கும்! எழுத்து வரிகளைக் கத்தி குறுக்கே வெட்டும்படி தாளைத் திருப்ப வேண்டும்.

மற்ற வழி காகித ஆலை. கூழ்த்தொட்டிக்குள் போன தாள் திரும்பி வராது. ஆலைகள் சிறு அளவுக்கு வண்டி அனுப்பத் தயங்கும், ஆகவே பக்கத்துக் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டைகளைத் தைத்து எண் போட்டு, இரண்டு உறுப்பினர் வண்டியோடு போய், தொட்டியில் விழும்வரை நிற்க வேண்டும். நடுவில் தரகரின் கிடங்கில் ஓரிரவு இறக்கி வைப்போம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தாளை வாங்கும்போதே கிளிப், பிளாஸ்டிக் உறை, லேமினேஷன் அட்டை, ஃபைல் அட்டையின் உலோகம் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். ஸ்டேப்பிள் பின் பெரிய இயந்திரத்துக்குப் பொருட்டில்லை. வழவழப்பான ஏடிஎம், பெட்ரோல் ரசீதுகள் வெப்பத் தாள், மேல்பூச்சில் வேதிப்பொருள் உண்டு, அவை காகித ஆலைக்கு ஆகாது. வெட்டிய துண்டுகளைக் கட்டாமல் குப்பையில் கொட்டினால் காற்றில் பறந்து தெருவெல்லாம் சேரும்.

வீட்டளவில் ஒரு கிலோ இரண்டு கிலோ என்றால் இயந்திரமே வேண்டாம். கிழித்து வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் பிசைந்து, ஊறவைத்த வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுங்கள். பாட்டிகள் முறத்துக்கும் கூடைக்கும் பூசிய காகிதக்கூழ் அதுதான். லேசர் அச்சின் மை பிளாஸ்டிக் தூள் என்பதால் கரையாது, ஆனால் தாள் நார்நாராகப் பிரிந்துவிட்டால் எழுத்தும் பிரிந்துவிடும்.

கேள்வி: ஆதார், பான் நகல்கள் இருந்த கட்டைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டோம். பஜ்ஜிக் கடைப் பொட்டலமாக வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
*– வாசகி, சேலம்*

அன்றே என்றால் கடைக்கு ஓடுங்கள். அநேகமாக இன்னும் கட்டுப் பிரித்திருக்க மாட்டார்கள். தாமதமாகிவிட்டால் மூன்று வேலை. ஆதார் இணையதளத்தில் பயோமெட்ரிக் (விரல்ரேகை, கருவிழிப் பதிவு) பூட்டைப் போடுங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றிக் கேட்டால் ஆண்டு முழுக்கக் கண்காணிக்கலாம், வாங்காத கடன் இருந்தால் தெரிந்துவிடும். ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்து, தெரியாததை நீக்கக் கோருங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இனிமேல் கொடுக்கும் நகல்களின் குறுக்கே, எழுத்தின் மேலேயே, யாருக்கு எதற்காக எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதார் நகலைப் பதிவிறக்கம் செய்யலாம். கேட்பவர் மறுக்காத இடங்களில் அதையே கொடுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரே படங்கள், இசிஜி தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தாள் மேசையா, மருந்து மேசையா?
*– வாசகர், வேலூர்*

இரண்டும் இல்லை. எக்ஸ்ரே படம் வெள்ளி கலந்த பூச்சுள்ள பிளாஸ்டிக், வெட்டும் இயந்திரத்தின் பற்களில் சுற்றிக்கொள்ளும். பழைய படங்களை வெள்ளி பிரித்தெடுப்போர் எடைக்கு வாங்குவார்கள். ஓரத்தில் உள்ள பெயரை வெட்டிவிட்டுக் கொடுங்கள். இதயம், எலும்பு முறிவு, மார்பகம் தொடர்பான படங்களை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் புதியது மாற்றமா இல்லையா என்று தெரியும். இசிஜி வெப்பத் தாளில் அச்சானது, சில ஆண்டில் மங்கிவிடும். இப்போதே நகல் எடுத்து அந்த நகலை வைத்துக்கொண்டு, மூலத்தைக் கிழித்துப் போடலாம்.